சக்கரத்துக்குள்ளே சிவப்பு

வண்டிக்கு அலங்காரம் செய்வதில் நம் ஜனங்களுக்கு உள்ள ஆசை மோட்டார் வந்த பிறகு தோன்றியதல்ல. மாட்டின் கொம்பைச் சீவி ஒன்றுக்குச் சிவப்பும் ஒன்றுக்கு நீலமும் பூசி, நுனியில் பித்தளைக் குப்பி மாட்டி, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களில் மஞ்சள் கோடு இழுத்துப் பார்த்து மகிழ்ந்தவர்கள் நாம். கொம்புக்கு வர்ணம் பூசியதனால் எந்த மாடும் இறக்கத்தில் சொன்ன இடத்தில் நின்றதாகக் கேள்வியில்லை; ஆயினும் பொங்கல் தவறாமல் பூசினோம். ஆகையால், நமது தமக்கையின் குமாரன் ஒரு நாள் வந்து, "மாமா! என் காரின் பிரேக் காலிபருக்குச் சிவப்பு வர்ணம் பூசப் போகிறேன், நம் வீட்டு வாசல்தான் வசதி" என்று சொன்னபோது, நமக்கு ஆச்சரியம் ஒன்றும் ஏற்படவில்லை. பரம்பரைக் குணம் வேறு ரூபத்தில் வெளிப்படுகிறது என்றுதான் தோன்றிற்று.

காலிபர் என்றால் என்ன என்று கேட்கும் நேயர்களுக்காக இரண்டு வார்த்தை. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டு ஒன்று உண்டு. அதற்கு டிஸ்க் என்று பெயர். அந்தத் தட்டின் விளிம்பைக் கொல்லன் குறடு மாதிரி இரு புறமும் கவ்விக்கொண்டு நிற்கும் சாதனமே காலிபர். நாம் காலால் பிரேக்கை மிதித்தால் குழாயிலுள்ள எண்ணெய் காலிபருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பேட் என்னும் கட்டையைத் தட்டின்மேல் அழுத்தும், வண்டி நிற்கும். இந்த யோசனைக்கு இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்ற பொறியியல் நிபுணர் 1902-லேயே உரிமைப் பத்திரம் வாங்கிவிட்டார். ஆனால் உலகம் அதைக் கவனிக்க அரை நூற்றாண்டு ஆயிற்று. 1953-ல் பிரான்சு தேசத்து லெ மான் பந்தயத்தில், இருபத்துநாலு மணி நேரமும் ஓயாமல் ஓடி, மணிக்கு 100 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் ஜாகுவார் கார் ஒன்று ஜயித்தது. அந்த வெற்றிக்கு அதன் டிஸ்க் பிரேக்குகள் பெருங் காரணம் என்பது பிரசித்தம். வேகமாக ஓடினவன் ஜயித்தான் என்பதைவிட, வளைவுக்கு மிக அருகில் வரும் வரையில் பிரேக்கைத் தொடாமல் இருக்கத் துணிந்தவன் ஜயித்தான் என்று சொல்வதே பொருந்தும்.

வெகு காலம் வரையில் இந்தக் காலிபரை யாரும் பார்த்ததில்லை. சக்கரத்தின் மூடிக்குப் பின்னால், அடுக்களையில் வேலை செய்யும் பாட்டி மாதிரி, அது பாட்டுக்குக் கிடந்தது. இப்போதைய பந்தயக் கார்களின் சக்கரங்களோ சிலந்தி வலையைப் போல் மெல்லிய கம்பிகளால் ஆனவை. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிகிறது. தெரிந்தால் அலங்காரம் வேண்டாமா? இத்தாலியில் 1961-ல் ஆரம்பித்த பிரெம்போ கம்பெனியின் சிவப்புக் காலிபர்கள் உலகமெங்கும் வாலிபர்களின் மனத்தைக் கவர்ந்துவிட்டன. போர்ஷே கம்பெனியார் இன்னும் ஒரு படி மேலே போய், பீங்கான் கலந்த தட்டுள்ள விலையுயர்ந்த பிரேக்குக்கு மஞ்சள் வர்ணம் என்று வைத்தார்கள். அதைக் கண்டதும், சாதாரண இரும்புப் பிரேக் உள்ளவர்களும் ஒரு டப்பா மஞ்சள் வாங்கிப் பூசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ராவ்பகதூர் பட்டத்துக்காகத் தவங்கிடந்தவர்களை நாம் அறிவோம். ஆனால் தாமே பலகையில் எழுதி வாசலில் மாட்டிக்கொண்டவர்கள் அதிகம் இல்லை. நம் மருமான் மஞ்சளைத் தேடாமல் சிவப்போடு நின்றதற்காக அவனைப் பாராட்ட வேண்டியதே.

நம் பக்கத்துக்கும் இந்தப் பிரேக்குக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. அதைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை. 1962-ல் சென்னைப் பாடியில் டி. வி. எஸ். குழுமத்தார் ஆங்கிலக் கம்பெனி ஒன்றின் கூட்டுறவோடு பிரேக்ஸ் இந்தியா என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். பின்னர் அவர்கள் சோளிங்கபுரத்தில் ஒரு வார்ப்படசாலை நிறுவினார்கள். சோளிங்கபுரம் 2019 வரையில் வேலூர் ஜில்லாவைச் சேர்ந்தது. இப்போது ராணிப்பேட்டை ஜில்லா. மலைமேல் யோக நரசிம்மர் அமர்ந்திருக்க, அடிவாரத்துச் சீமையில் இரும்பு உருகிப் பிரேக் உறுப்புகளாக வார்க்கப்படுகிறது. அந்த வார்ப்படசாலைக்கு 2003-ல் ஜப்பான் தேசத்தின் டெமிங் பரிசு கிடைத்தது. தரத்துக்காக ஜப்பானியர் கொடுக்கும் பரிசு எளிதில் வந்துவிடுமா? தோலுக்கும் செருப்புக்கும் மட்டுமே பெயர் போனது நம் பிரதேசம் என்று நினைப்பவர்கள் இதையும் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

மருமான் ஆம்பூரில் ஒரு பாதரட்சைத் தொழிற்சாலையில் உத்தியோகம் பார்க்கிறான். அவன் வாங்கியிருப்பது இரண்டே பேர் உட்காரக்கூடிய, தரையோடு தரையாகப் பதுங்கி ஓடும், ஜெர்மனியில் செய்த பழைய கார். வேறொருவர் ஓட்டி, ஒரு தரகர் கை மாறி, இவனிடம் வந்தது. "பிரேக் எல்லாம் புத்தம் புதிது, கவலையே வேண்டாம்" என்று தரகர் சொன்னாராம். பையனும் சக்கரத்தின் கம்பிகளுக்கிடையே எட்டிப் பார்த்தானாம். பேட் கனமாகத்தான் தெரிந்ததாம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிநேகிதன் ஒருவனோடு ஏலகிரி மலைக்குப் போவதாக ஏற்பாடு. அதற்கு முன் சனிக்கிழமை காலையில், சக்கரத்தைக் கழற்றாமலே, கம்பிகளின் இடுக்கில் நீளமான தூரிகையை விட்டுத் தெரிகிற பாகத்துக்கு மட்டும் வர்ணம் பூசிவிடுவது என்பது அவன் உத்தேசம். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்றான்.

இந்த இடத்தில் எதிர் வீட்டுப் பெரியவரை நேயர்களுக்கு அறிமுகம் செய்து வைக்கவேண்டும். தெருவில் எல்லோருக்கும் அவர் பாய்தான். பேர்ணாம்பட்டிலும் ஆம்பூரிலும் நாற்பது வருஷம் தோல் ஷாப்புகளில், பதனிட்ட தோலுக்கு வர்ணம் ஏற்றும் பகுதியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்ட நாட்களையும் பார்த்தவர், குரோம் உப்பின் நாட்களையும் பார்த்தவர். வர்ணம் என்ற வார்த்தை காதில் விழுந்தால் அவர் வீட்டிலிருக்க மாட்டார்.

பையன் தூரிகையும் கையுமாகக் குந்தியிருப்பதைப் பார்த்துவிட்டு, "தம்பி, என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"காலிபருக்கு வர்ணம் பூசுகிறேன், பாய்."

"அழுக்கின் மேலேயா?"

பையன் பதில் சொல்லவில்லை.

"தோலின் மேல் எண்ணெய்ப் பசை இருக்கும்போது வர்ணம் ஏற்றினால், மூன்றாம் நாள் அது அப்பளம் மாதிரி எழும்பி வந்துவிடும். இரும்பு மட்டும் என்ன, உங்களுக்கு மாமன் மகனா, பொறுத்துக்கொள்ள? சக்கரத்தைக் கழற்றுங்கள்."

நாமும் பாயின் கட்சியில் சேர்ந்துகொண்டோம். வெறும் வர்ணத்துக்காக இவ்வளவு சிரமமா என்று பையன் முணுமுணுத்தான். ஆனால் பெரியவர் சொல்லைத் தட்டவில்லை.

சக்கரத்தைக் கழற்றுவதில் ஒரு ஒழுங்கு உண்டு. வண்டி சமதரையில் நிற்க வேண்டும்; கைப் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். சக்கரம் தரையில் இருக்கும்போதே போல்ட்டுகளைச் சற்று இளக்கிக்கொண்டு, அப்புறந்தான் ஜாக்கியால் தூக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கருகில் கையையோ தலையையோ நீட்டுவது பைத்தியக்காரத்தனம். இரும்பு முக்காலிகளை முட்டுக் கொடுத்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். எங்கள் தெருவில் முக்காலி கிடைக்காமல் காட்பாடி ரோட்டிலுள்ள ஒரு பட்டறையிலிருந்து இரவல் வாங்கி வந்தோம். பிரேக்கைச் சுற்றிப் படிந்திருக்கும் கரிய தூளை வாயால் ஊதுவதோ, காற்றுக் குழாயால் அடிப்பதோ கூடாது. பழைய நாளில் அதில் கல்நார் இருந்தது. இப்போது கல்நாரில்லாத பேட்டுகள் வந்துவிட்டன. ஆனாலும் சுவாசிக்கத் தக்க வஸ்துவல்ல. முகத்தில் துணி கட்டிக்கொண்டு, நனைத்துத் துடைப்பதே முறை.

இடது பக்கத்து முன் சக்கரம் வெளியே வந்தது. பையன் காலிபரை நனைத்துத் துடைத்துக்கொண்டே பின்புறம் வந்தவன் திடீரென்று நிறுத்தினான்.

"மாமா, இங்கே பாருங்கள்."

பார்த்தோம். வெளிப்பக்கத்துப் பேட், சக்கரத்தின் கம்பிகளுக்கிடையே தெரிந்ததே, அது உண்மையாகவே கனமாக இருந்தது. தட்டின் மறுபுறம், வெளியிலிருந்து ஒருநாளும் கண்ணுக்குத் தெரியாத உட்பக்கத்துப் பேட் ஒரு ரூபாய்க் காசின் கனத்துக்குத் தேய்ந்து, அதன் பின்னாலுள்ள இரும்புத் தகடு தட்டைத் தொட இன்னும் சில நாளே பாக்கி என்ற நிலையில் இருந்தது. காரணமும் உடனே விளங்கிற்று. இந்த வகைக் காலிபர் இரண்டு ஊசிகளின் மேல் இப்படியும் அப்படியும் நகர வேண்டும். அவ்வாறு நகர்ந்தால்தான் ஒரே பிஸ்டன் இரண்டு பேட்டுகளையும் சமமாக அழுத்தும். ஓர் ஊசியின் ரப்பர் உறை கிழிந்து, தண்ணீரும் மண்ணும் புகுந்து, ஊசி துருப்பிடித்து இறுகிவிட்டது. அப்புறம் பிஸ்டன் பக்கத்துப் பேட் ஒன்றே பாரமெல்லாம் சுமந்தது. வீட்டில் நாலு பிள்ளைகள் இருந்தும் ஒருவனே சம்பாதித்துப் போடுவது மாதிரி.

தரகர் வேண்டுமென்றே பொய் சொன்னாரா, அவரும் கம்பிகளின் இடுக்கில் எட்டிப் பார்த்ததோடு நின்றாரா என்பது நமக்குத் தெரியாது. அவரைப் பற்றி மேலும் எழுதவும் விருப்பமில்லை.

ஆனால் ஏலகிரியைப் பற்றி எழுதத்தான் வேண்டும். அந்த மலைப்பாதையில் 14 கொண்டையூசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் தமிழ்ப் புலவர்களும் பழைய வள்ளல்களும் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஏறும்போது அப்பெயர்களை வாசித்து மகிழலாம். இறங்கும்போது வாசிக்க நேரமிராது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஒரு தடவை முழுதும் நிறுத்தினால், பிரேக்கில் உண்டாகும் உஷ்ணம் ஒன்றரை லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். வீட்டிலுள்ளோர் அனைவருக்கும் காப்பிக்கு வெந்நீர் ஆயிற்று. அதே வண்டி 600 மீட்டர் உயரம் இறங்குகிறது. என்ஜினை உபயோகித்து அடக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்தே இறங்குகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த உஷ்ணம் இரண்டு குடம் தண்ணீரைக் கொதிக்க வைக்கும்! அத்தனையும் உள்ளங்கை அகலமுள்ள சில கட்டைகளில் தேய்ந்து பிறக்க வேண்டியது. பிரேக் எண்ணெயோ, பழசாகி ஈரம் உறிஞ்சியிருந்தால் சீக்கிரம் கொதிக்கும். டாட் 4 என்ற தரத்து எண்ணெய் புதிதாயிருக்கையில் 230 டிகிரி வரையில் தாங்கவேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரி போதும், கொதிக்கத் தொடங்கிவிடும். கொதித்த எண்ணெயில் ஆவி குமிழியிடும். ஆவியை அழுத்தினால் அது சுருங்குமே தவிரப் பிஸ்டனைத் தள்ளாது. கால் தரை வரையில் போகும், வண்டி நிற்காது.

பையன் இந்தக் கணக்கைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் எழுந்து, கொஞ்ச தூரம் போய், சிநேகிதனுக்குப் போன் செய்தான். "இந்த ஞாயிறு இல்லை" என்று மட்டும் சொன்னான். தமக்கைக்கு இந்தச் சமாசாரம் இன்றுவரையில் முழுதும் தெரியாது. இந்தப் பத்திரிகை அவள் வீட்டுக்குப் போவதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறோம்.

பழுது பார்த்தது மெக்கானிக். அதில் வர்ணிக்க அதிகமில்லை. ஊசிகளைச் சுத்தம் செய்து, ரப்பர் உறைகளை மாற்றி, பிரேக்குக்கென்றே விற்கும் கிரீஸைத் தடவி, இடம் வலம் இரண்டு பக்கத்துக்கும் பேட்டுகளை ஜோடியாக மாற்றி, எண்ணெயையும் புதிதாக்கினார். காலிபரைக் கழற்றியபோது அதை ரப்பர்க் குழாயில் தொங்கவிடாமல் கம்பி கட்டி நிறுத்தியதைக் கவனித்தோம். தொழில் தெரிந்தவர் என்பதற்கு அதுவே சாட்சி.

மறு ஞாயிறு காலை ஆறு மணிக்கு வர்ண வேலை ஆரம்பமாயிற்று. அதற்குப் பிறகு நமது வேலூர் வெயிலில் வர்ணம் தூரிகையிலேயே காய்ந்துவிடும் என்று பாய் நேரத்தைக் குறித்திருந்தார். முதலில் கம்பி பிரஷ்ஷால் துருவை உதிர்த்து, உப்புத்தாளால் தேய்த்தான் பையன். பிறகு மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்தான். பாய் கையைப் பிடித்துக்கொண்டார். மண்ணெண்ணெய் அழுக்கை எடுக்கும். ஆனால் தன் பசையை விட்டுப் போகும். பிரேக் துடைப்பதற்கென்று உலர்ந்து போகும் திராவகம் தனியே விற்கிறது. அதைத்தான் உபயோகிக்க வேண்டும். இரண்டு தடவை துடைத்ததும் பையன், "சுத்தமாகிவிட்டது" என்றான். பாய் ஒரு சொட்டுத் தண்ணீரை விரலால் தெளித்தார். அது முத்தாக உருண்டு நின்றது.

"பசை இருக்கிறது, தம்பி. பசை இல்லாத இடத்தில் தண்ணீர் படரும், உருளாது. செம்மறித் தோலில் இப்படித்தான். கொழுப்பு உள்ளேயே ஊறிக் கிடக்கும். எடுக்க எடுக்க வந்துகொண்டே இருக்கும்."

நாலாம் தடவை தண்ணீர் படர்ந்தது. அப்போது அவர் முகத்தில் தோன்றிய திருப்தியைப் பார்த்தால், ஏற்றுமதிக்குப் போகும் தோல் ஒன்றைத் தேறிவிட்டது என்று முத்திரை குத்தியவர் போல் இருந்தது.

பிறகு மறைக்க வேண்டிய இடங்களை ஒட்டுக் காகிதத்தாலும் பழைய பத்திரிகையாலும் மறைத்தார்கள். ரப்பர் உறைகள், ஊசிகள், காற்று எடுக்கும் நிப்பிள், பேட்டுகள், எல்லாவற்றுக்கும் மேலாகத் தட்டு. தட்டில் வர்ணம் பட்டால் பிரேக் பிடிக்காது. ரப்பரில் பட்டால் அது விறைத்துக் கிழியும். சாதாரண எனாமல் வர்ணம் இங்கே உதவாது, கருகிப் பொரிந்துவிடும். உஷ்ணத்தைத் தாங்குவதற்கென்றே செய்த வர்ணம் வேண்டும். பையன் ஒரே பூச்சில் நல்ல சிவப்பு வரவேண்டுமென்று தூரிகையை முழுக்க நனைத்தான். பாய் அதைப் பாதி வழித்துவிட்டார். முதல் பூச்சில் இரும்பு தெரிந்தது. இரண்டாவதில் இளஞ்சிவப்பு. நடுவே ஒவ்வொரு தடவையும் காய விட்டு, தேநீர் குடித்து, மூன்றாம் பூச்சில் குங்குமம் போல் வந்தது. மேல் கோட்டையையும் ஜலகண்டேசுவரர் கோபுரத்தையும் பார்க்க வேலூருக்கு வரும் வெளியூர்க்காரர்கள் இந்தச் சிவப்பையும் ஒரு தடவை வந்து பார்க்கலாம் என்று பையன் பெருமை அடித்துக்கொண்டான்.

துடைத்த திராவகமும் கரிய தண்ணீரும் ஒரு தாம்பாளத்தில் சேர்ந்திருந்தன. பையன் அதைத் தூக்கிக்கொண்டு சாக்கடைப் பக்கம் நடந்தான். இந்தத் தடவை குரல் கொடுத்தவர்கள் நாம். எங்கள் ஊரைப் பற்றி, சுவாமியில்லாக் கோயில், நீரில்லா ஆறு என்றெல்லாம் பழைய பேச்சு ஒன்று உண்டு. சுவாமி 1981-ல் கோயிலுக்கு வந்துவிட்டார். பாலாற்றிலோ 2021-ஆம் வருஷத்து வெள்ளம் மாதிரி எப்போதாவதுதான் தண்ணீர் வருகிறது. அதுவும் என்ன தண்ணீர்? தோல் ஷாப்புகளின் கழிவினால் இந்தப் பிரதேசத்தில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்ற கணக்கு, வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கம் தொடுத்த வழக்கில் 1996-ஆம் வருஷம் ஆகஸ்டு 28-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அளித்த தீர்ப்பிலேயே இருக்கிறது. கெடுத்தவனே கிரயம் கொடுக்க வேண்டும் என்ற நியாயம் நம் தேசத்துச் சட்டத்தில் உறுதிப்பட்டது அந்தத் தீர்ப்பால். தோல் ஷாப்பு ஒவ்வொன்றும் 10,000 ரூபாய் அபராதம் கட்ட வேண்டும் என்றும் கோர்ட்டார் உத்தரவிட்டார்கள். பாய் இதைப் பற்றி என்ன சொல்வாரோ என்று அவரைப் பார்த்தோம். அவர் வாழ்நாள் எல்லாம் அந்த ஷாப்புகளில் உழைத்துச் சாப்பிட்டவர் அல்லவா?

சற்று நேரம் தாம்பாளத்தைப் பார்த்தபடி இருந்தார். "எங்கள் பேட்டையில் சின்னப் பிள்ளையில் கிணற்றுத் தண்ணீர்தான் குடித்தோம், ஐயா. என் பிள்ளைகள் குடிக்கவில்லை" என்றார். பிறகு தாமே ஒரு மூடி போட்ட டப்பாவைக் கொண்டுவந்து அந்தத் தண்ணீரை அதில் ஊற்றினார். கழிவு எண்ணெய் சேர்த்து அனுப்பும் பட்டறையில் அதை மறுநாள் கொடுத்தோம்.

வர்ணம் முழுதும் ஒரு நாள் காய்ந்த பிறகு சக்கரங்கள் ஏறின. போல்ட்டுகளை எதிரெதிராக, அளவு காட்டும் ஸ்பானரால் முறுக்கியானதும், வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக்கைப் பல தடவை மிதித்துப் பார்க்கச் சொன்னோம். புதுப் பேட் போட்ட வண்டியில் முதல் மிதி சில சமயம் பஞ்சில் மிதித்தது போலிருக்கும்; அதைத் தெருவில் கண்டுபிடிப்பதைவிட வாசலிலேயே கண்டுபிடிப்பது மேல். பிறகு சத்துவாச்சாரிப் பக்கம் ஆள் நடமாட்டமில்லாத சாலையில் மெல்ல ஓட்டி, மெல்ல நிறுத்தி, பேட்டுகள் தட்டோடு பழகும்படி செய்தான்.

ஏலகிரிக்குச் சிநேகிதன் போகவில்லை, நாமே போனோம். இறங்கும்போது பையன் இரண்டாவது கியரிலேயே வண்டியை வைத்திருந்தான். என்ஜின் உறுமிக்கொண்டே இறங்கிற்று. பிரேக்கை வளைவுக்கு வளைவு கொஞ்சமே தொட்டான். பொன்னேரி அடிவாரத்தில் நிறுத்தி இருவரும் இறங்கிச் சக்கரத்தண்டை கையை நீட்டிப் பார்த்தோம். சூடு இருந்தது, கருகல் வாசனை இல்லை. சிவப்பு அப்படியே இருந்தது. டீக்கடைக்காரர் அதைப் பார்த்து, "புது வண்டியா?" என்று விசாரித்தார். பையன் "ஆமாம்" என்றான். பொய் என்று நாம் திருத்தவில்லை.

டப்பாவில் வர்ணம் பாதி மிஞ்சியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் நமது சகதர்மிணி, வாசல் கேட்டு துருப்பிடித்துக் கிடப்பதை ஞாபகப்படுத்தி, அதற்கு அடித்துவிடலாமே என்றாள்.

"அதற்கு இது உதவாது. உஷ்ணம் பட்டுப் பட்டுத்தான் இந்த வர்ணம் இறுகும் என்று டப்பாவில் போட்டிருக்கிறது" என்றோம்.

"ஏன், வேலூர் வெயில் போதாதோ?" என்றாள்.